ரங்கூனில் குளிர் கிடையாது

"அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது, எழுபது."

விடிந்தும் விடியாத ஒரு மார்கழிக் காலை. ஜன்னல் கட்டையில் ஒரு கிண்ணம். அதன் விளிம்பில், குழந்தைக்கு மருந்து புகட்டும் பித்தளைப் பாலாடையைச் சாய்த்து வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். பாலாடையின் மூக்கிலிருந்து விளக்கெண்ணெய் இறங்குகிறது. இறங்குகிறது என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். நுனியில் பருத்து, நின்று, கயிறாக நீண்டு, மனமில்லாமல் கிண்ணத்தில் விழுகிறது.

இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை. வெளியே பனிமூட்டம். ரங்கூனின் அலோன் பகுதியில் எங்கள் லைன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆறு. அன்று ஆறு இருப்பதற்கு அடையாளமே இல்லை.

வாசலில் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கேட்டார்: "இன்னும் முடியலையா?"

"எண்பத்தொண்ணு. பேசாதீங்க, எண்ணிக்கை தப்பிடும்."

"நல்லா இருக்குது டீச்சரம்மா. நான் ஆகாயத்துல பறக்கப் போறேன். நீ இங்க எண்ணெயை எண்ணிக்கிட்டு இருக்கே."

"நீங்க பறக்கப் போறதாலதான் எண்ணுறேன்."

நூற்று நாலில் பாலாடை காலியாயிற்று. நூற்று நாலு என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நானும் போக விட்டேன்.

ஓர் அன்பருக்குப் பதில்

என் வீட்டுக்காரர் இன்சீன் ரயில் பட்டறையில் பிட்டராக இருந்ததையும், அந்த நல்ல வேலையை விட்டுவிட்டு ஒரு விமானக் கம்பெனிக்குப் போனதையும் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மோல்மேனிலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். குடும்ப ஸ்திரீகள் குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதினால் பிரயோஜனமுண்டு, யந்திரங்களைப் பற்றி எழுதுவது வீண் என்கிறார்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, அவர் சொல்வது சரியாக இருக்குமோ என்று பயந்தேன். அது என் சுபாவம். குழந்தை தும்மினால் காய்ச்சல் என்று நினைப்பேன். தும்மாவிட்டால் ஏன் தும்மவில்லை என்று நினைப்பேன். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வந்தது. நான் சொல்லப் போவது குழந்தைக்கு விளக்கெண்ணெய் கொடுத்த கதைதான். யந்திரம் நடுவில் வந்து சேர்ந்துகொண்டது.

சீமைக்குப் போய் வந்த எண்ணெய்

அந்த விமானத்துக்குச் சக்கரம் கிடையாது. இரண்டு நீளப் படகுகளின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆற்றில் ஓடி, ஆற்றிலிருந்து எழும்பி, ஆற்றிலேயே இறங்கும். பெரிய மனிதர்களையும் தபாலையும் ஆற்றோடு மேலே கொண்டுபோவது கம்பெனியின் உத்தேசம். ஓட்டுவது துரை. அவருக்குப் பின்னால் ஒரு குழியில் என் வீட்டுக்காரர். எஞ்சினுக்கு என்ன நேர்ந்தாலும் அவர்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவு பிரமாதமான யந்திரம் குடிப்பது என்ன என்று கேட்டால், விளக்கெண்ணெய். நான் நம்பவில்லை. கம்பெனிக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட மரைக்காயர் ஒருநாள் வீட்டு வாசலில் நின்று சத்தியம் செய்த பிறகுதான் நம்பினேன்.

"அதே எண்ணெய்தான் தங்கச்சி. ஒங்க புள்ளைக்கு ஒரு பாலாடை, இதுக்கு ஒரு டின்னு. எஞ்சின் குடிச்சிட்டுப் பொகையா ஊதுது. பின்னால உக்காந்திருக்கிற ஒங்க மாப்பிள்ளை அதை மூக்கால குடிக்கிறாரு. வாரத்துல ரெண்டு நாள் அவருக்கு வயிறு சரியில்லைன்னா நீங்க சமைச்ச சோத்தைக் குத்தம் சொல்லாதீங்க."

நம் பக்கத்தில் விளையும் ஆமணக்குக் கொட்டை கப்பலேறிச் சீமைக்குப் போகிறது. அங்கே எண்ணெயாகித் தகரத்தில் அடைபட்டு, மேலே ஒரு கிரீடம் வரையப்பட்டு, மறுபடி கப்பலேறி ரங்கூனுக்கு வருகிறது. இடையில் அது என்ன கற்றுக்கொண்டது என்று தெரியவில்லை. வாசனை மட்டும் மாறவில்லை.

குழந்தைக்கு விளக்கெண்ணெய் புகட்டிய எந்தத் தாயும் ஒன்றைக் கவனித்திருப்பாள். மடியில் போட்டு, கால்களை இடுக்கிக்கொண்டு, அழுகையை மறக்கடிக்க ஒண்ணு, ரெண்டு என்று பாட்டாக எண்ணிக்கொண்டே புகட்டுவோம். பங்குனியில் முப்பது எண்ணுவதற்குள் பாலாடை காலி. மார்கழி விடியற்காலையில் எழுபது எண்ணினாலும் மூக்கில் தொங்கும். அவசரப்பட்டுச் சாய்த்தால் மொத்தமாக இறங்கிக் குழந்தைக்குப் புரை ஏறும். அதனால் பாலாடையை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டுப் புகட்டுவது வழக்கம். நேரே நெருப்பில் காட்டினால் அடி கருகும், மேலே அப்படியே இருக்கும்.

இதையெல்லாம் நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. துரை படித்த பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

சிவப்புப் பென்சில்

எஞ்சின் செய்தவர்கள் அச்சடித்து அனுப்பிய பக்கங்களைக் கிடங்குச் சுவரில் அடித்து மாட்டியிருந்தார்கள். அதில் ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் பேசினால் பாதி புரியும், படிக்க வராது. தமிழில் எழுதித் தரச் சொல்லி அதை என்னிடம் கொண்டுவந்தார்.

குளிர் காலத்தில் கவனிக்க வேண்டியவை என்று தலைப்பு. எண்ணெயை ஊற்றுமுன் தகரத்தோடு வெந்நீரில் நிறுத்திச் சூடாக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்பியதும் கால் மணி நேரமாவது மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் இளகிய பிறகே வேகம் கூட்ட வேண்டும். எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் ஊசி ஆரம்பத்தில் உயரே நிற்கும். அதைக் கண்டு ஏமாறக் கூடாது. எண்ணெய் கெட்டியாக இருந்து குழாயை அடைத்துக்கொண்டு முக்குவதைத்தான் அந்த ஊசி காட்டுகிறது. போக வேண்டிய இடத்துக்கு எண்ணெய் போகிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

இந்தப் பக்கம் முழுவதன் குறுக்கே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில் துரையின் கையெழுத்தில் ஒரு வரி: ரங்கூனில் குளிர் கிடையாது. கீழே அவர் பெயரின் முதலெழுத்துகள்.

குழந்தையின் எடையைக் குறித்து வைக்கும் நோட்டில் அத்தனையையும் தமிழில் எழுதினேன். சிவப்புக் கோட்டையும் போட்டேன். மூலத்தில் இருப்பதை விடக் கூடாதல்லவா. பிறகு, கம்பெனித் தாளை வீட்டில் வைத்திருப்பது திருட்டாகுமோ என்று தினமும் பயந்துகொண்டே தினமும் திருப்பி அனுப்ப மறந்தேன்.

குளிர் கிடையாது என்று எழுதிய துரையை நான் படித்துறையில் பார்த்திருக்கிறேன். தோல் கோட்டு, அதற்குள் கம்பளிச் சட்டை, கழுத்தில் இரண்டு சுற்றுக் கம்பளி. அவருடைய தேநீர்க் கெட்டிலுக்கும் கம்பளியில் பின்னிய குல்லாய் உண்டு. தேநீர் ஆறிவிடக் கூடாதாம். ஆற்றுப் பனியில் ராப்பூராவும் கிடந்த தகரத்து எண்ணெய் மட்டும் ஆறவே ஆறாது என்பது அவருடைய சாஸ்திரம்.

தரையில் நிற்கும் விமானமென்றால் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிடலாம். தண்ணீரில் நிற்பதற்கு எந்தக் கட்டையைக் கொடுப்பது? கிளப்பியதும் நகரத் தொடங்கிவிடும். வாலைக் கயிற்றால் கம்பத்தில் கட்டிக் கால் மணி நேரம் உறும விட வேண்டும். துரைக்கு அது பிடிக்காது. கட்டிப் போட்ட மாடு மாதிரி இருக்கிறதென்று வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிப்பார்களாம்.

என் வீட்டுக்காரர் தகர எண்ணெயில் ஒரு சின்னப் புட்டி கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்தார். அதைத்தான் நான் தினமும் பாலாடையில் ஊற்றி எண்ணினேன். குழந்தைக்கு வேறு பாலாடை வாங்கிவிட்டோம். அப்படியும் இரண்டும் மாறிப் போயிருக்குமோ என்று சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்ப்பேன்.

எழுபதுக்கு மேல் போனால் அவரிடம் எண்ணிக்கையைச் சொல்லி அனுப்புவேன். நூறுக்கு மேல் போனது அன்று ஒருநாள்தான்.

உயரே நின்ற ஊசி

அன்று யாரோ பெரிய துரைகளும் துரைசானிகளும் பார்க்க வந்திருந்தார்களாம். என் வீட்டுக்காரர் துரையிடம், எண்ணெய் கெட்டி சார், வெந்நீர் சார் என்று சொன்னாராம். துரை தகரத்தைத் திறந்து, சூடாக்காமல் அப்படியே ஊற்றச் சொன்னார். எஞ்சினைக் கிளப்பினார். ஊசியை விரலால் தட்டிக் காட்டி, பார், இவ்வளவு நல்ல அழுத்தம் என்றைக்காவது இருந்ததா என்றார். கயிற்றை அவிழ்த்துவிடச் சொன்னார்.

அந்த ஊசியை நம்பக் கூடாது என்பது என் வீட்டுக்காரருக்குத் தமிழில் தெரிந்திருந்தது. நான் எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாக வைத்திருந்தார். மனப்பாடம் செய்ததை இங்கிலீஷில் சொல்ல வரவில்லை. ஏறி உட்கார்ந்தார். அவர் பணிவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அவரைப் போக விட்ட என் பணிவை நினைத்தால் அதைவிட அதிகமாக வருகிறது.

நான் அடுப்பில் கஞ்சி வைத்திருந்தேன். சத்தம் ஒரேயடியாகப் பெரிதாக எழும்பி, லைனுக்கு மேலே போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அதில் ஒரு தட்டல் கேட்டது. இரும்புச் சட்டியைக் கரண்டியால் தட்டுவது போல. பிறகு சத்தமே இல்லை.

நான் எண்ணத் தொடங்கினேன். எதற்கென்று தெரியாது. முந்நூறு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. கஞ்சி அடிப்பிடித்த வாசனையும்.

பக்கத்து வீட்டு மா ம்யா வந்து குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பர்மாக்காரி. எங்கள் லைனில் இருந்து இருந்து ஒரு மாதிரித் தமிழ் பேசுவாள்.

"அக்கா, பயப்படாதே. ரயிலு விழுந்தா சாவு. இது விழுந்தா படகு. காலுலே ரெண்டு படகு இருக்குது இல்லே?"

அன்று கேட்டதில் அறிவுள்ள பேச்சு அது ஒன்றுதான்.

மத்தியானம் அவர் வந்தார். அக்கரையோரம் இறங்கிய விமானத்தைச் சம்பான் படகுக்காரர்கள் கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறார்கள். தலை முதல் கால் வரை விளக்கெண்ணெய். குழந்தை அவரைப் பார்த்ததும், தனக்குத்தான் புகட்ட வருகிறார் என்று வீறிட்டது.

"ஊசி உச்சியில நின்னுச்சு," என்றார். "மேல போனதும் பொத்துனு விழுந்துச்சு. பேரிங்கெல்லாம் உருகி ஒட்டிக்கிச்சு. உள்ள ஒரு சொட்டு எண்ணெய் போகலை."

"நூத்தி நாலு," என்றேன்.

"ஆமா, நூத்தி நாலு."

யார் குற்றம்

இரண்டு நாளில் மரைக்காயர் செய்தி கொண்டுவந்தார். துரை கல்கத்தா ஆபீசுக்கு அறிக்கை அனுப்பிவிட்டார். பிட்டர் எண்ணெயைச் சூடாக்கத் தவறியதால் விபத்து என்று எழுதியிருக்கிறார். விசாரிக்க அங்கிருந்து ஒரு துரை வருகிறார்.

"வேலை போகும்," என்றார் மரைக்காயர். "அது போனா இன்னொண்ணு. ஆனா சர்டிபிகேட்டுல உசிருக்கு உலை வெச்சவன்னு எழுதிட்டா, இன்சீன் பட்டறை வாசல்லகூட நிக்க விட மாட்டான் தங்கச்சி."

நான் பெட்டியைத் திறந்து கிழிந்த தாளை எடுத்தேன். மரைக்காயர் சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார்.

"இதைக் குடுத்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"துரை கோவிச்சுக்குவாரு," என்றார் என் வீட்டுக்காரர்.

"இப்போ உங்களைக் கொஞ்சிக்கிட்டு இருக்காரா?"

மரைக்காயர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "விசாரிக்க வர்றவரு சாட்சிக்கு யாரைக் கூப்பிட்டாலும் துரை சொன்னதுதான் சரின்னு சொல்லுவாங்க. நாம எதுத்து நின்னு, நாளைக்கு இந்த ஊர்ல யாருமே வேலை குடுக்கலைன்னா? பாப்பா இருக்கா."

பாப்பா இருந்ததால்தான் நான் மனு எழுதினேன். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதலில் கோபமாக இருந்தது. அடுத்ததில் மன்னிப்புக் கேட்டிருந்தேன். நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கிழித்தேன். கடைசியாக அனுப்பியதிலும் தாழ்மையுடன் என்ற வார்த்தை மூன்று இடத்தில் இருந்தது. கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த லட்சணம் அது.

பிற்பகல் விசாரணை

கல்கத்தா துரை மனுவைப் படித்துவிட்டு என்னையும் வரச் சொன்னார். விசாரணை பிற்பகல் இரண்டு மணிக்கு. நான் குழந்தை, பாலாடை, கிண்ணம், புட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். தகரக் கூரை போட்ட அறை. உள்ளே வெயில் வேகவைத்தது.

தாளை வாங்கிப் பார்த்தார். சிவப்பு வரியைப் படித்தார். எங்கள் துரையைப் பார்த்தார். எங்கள் துரை ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார்.

எண்ணெய் அவ்வளவு கெட்டியாகுமா என்று கல்கத்தா துரை என்னிடம் கேட்டார். ஆகும் என்று பாலாடையைச் சாய்த்து எண்ணத் தொடங்கினேன். இருபத்தெட்டில் காலி. தண்ணீர் மாதிரி ஓடிவிட்டது.

எங்கள் துரை புன்சிரிப்புச் சிரித்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். இத்தனை நாளும் நான்தான் தப்பாக எண்ணினேனோ, குழந்தையைக் கவனிக்கிற கவனத்தில் நாற்பதை நூறாகச் சொல்லிவிட்டேனோ என்றுகூட அந்த ஒரு நிமிஷத்தில் நினைத்தேன். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை கிண்ணத்துக்குள் விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது.

"இப்போது மணி இரண்டு, ஐயா," என்றேன் இங்கிலீஷில். "நாளைக் காலை ஆறு மணிக்கு வாருங்கள். மறுபடி எண்ணிக் காட்டுகிறேன்."

"ஆறா?" என்றார் கல்கத்தா துரை. உண்மையாகவே திடுக்கிட்டார். அந்த மணியை அவர் கடிகாரத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார் என்று தோன்றிற்று.

காலை ஆறு மணிக்கு யாரும் வரவில்லை. நான் ஜன்னலருகே எண்ணி வைத்திருந்தேன். எண்பத்தொன்பது.

மூன்றாம் நாள் தீர்ப்பு வந்தது. இந்த வருஷம் ரங்கூனில் எதிர்பாராத குளிர் ஏற்பட்டதே விபத்துக்குக் காரணம். யார் மேலும் குற்றமில்லை.

மார்கழி மாதம் எதிர்பாராமல் வந்துவிட்டதாம். ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் பின்னால் இத்தனை வருஷமாக ஒளிந்திருந்துவிட்டுத் திடீரென்று குதித்திருக்கிறது. இரண்டு துரைகளும் சேர்ந்து கண்டுபிடித்த உண்மை இது. வேலை தப்பியது என்று என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போய்வந்தார். நானும் போனேன். கும்பிடும்போதுகூட எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அந்தத் தாள் கல்கத்தா துரையின் சட்டைப் பைக்குள் போயிற்று. திரும்பி வரவில்லை. என் நோட்டில் தமிழில் இருக்கிறது, கோட்டோடு.

கட்டிப் போட்ட சத்தம்

இனி எண்ணெயைச் சூடாக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. எங்கள் துரையே கையெழுத்துப் போட்டிருந்தார். எஞ்சினுக்குப் போர்த்தச் சீமையிலிருந்து ஒரு கம்பளி உறையும் வந்தது. அது வந்து சேர்ந்தது சித்திரை மாதத்தில். கிடங்கில் அதற்குள் மரைக்காயரின் பூனை நாலு குட்டி போட்டது. அந்தக் கம்பளியால் யாராவது பயனடைந்தார்கள் என்றால் அவைதான்.

அடுத்த குளிர்காலமும் வந்தது, எதிர்பாராமல். ஒரு காலையில் என் பாலாடை தொண்ணூற்றாறில்தான் காலியாயிற்று. அன்று மறுபடி யாரோ பெரிய மனிதர்கள் பார்க்க வந்திருந்தார்கள். துரைக்கு மறுபடி அவசரம். உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் தாமென்பதை மறந்துவிட்டு, அப்படியே ஊற்று என்றாராம். இதை நான் பார்க்கவில்லை. மரைக்காயர் சொன்னது.

"ஒங்க மாப்பிள்ளை டின்னைக் கீழ வெச்சாரு தங்கச்சி. நைன்டி சிக்ஸ், சார்னாரு. துரை என்னாங்கிறாரு. இவரு மறுபடியும் நைன்டி சிக்ஸ், சார். அவ்வளவுதான். படித்துறைப் பலகையில காலைத் தொங்கப் போட்டு உக்காந்துட்டாரு. துரை கத்துறாரு. இவரு ஆத்தைப் பாத்துக்கிட்டிருக்காரு. எனக்கு எந்த எஜமான் பக்கம் நிக்கிறதுன்னு தெரியலை. வெந்நீர் வைக்கப் போயிட்டேன்."

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவரைக் கேட்டேன். "பயமா இல்லையா?"

"இருந்துச்சு," என்றார். "ஏறி உக்காந்திருந்தா இதைவிட அதிகமா இருந்திருக்கும்."

அன்றிலிருந்து எண்ணெயைச் சூடாக்காமலும் கயிறு கட்டாமலும் அந்த விமானம் கிளம்பியதில்லை. கம்பெனி அந்தக் குளிர்காலத்தோடு மூட்டை கட்டியது. அவரும் இன்சீன் பட்டறைக்கே திரும்பினார், சுத்தமான சர்டிபிகேட்டோடு. அதற்குள் பாப்பா ஓடவே தொடங்கிவிட்டாள்.

ஆனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் காலையில் கால் மணி நேரம் ஆற்றங்கரையிலிருந்து அந்தச் சத்தம் கேட்கும். கம்பத்தில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொண்டு, மெதுவாக, ஒரே மாதிரி, எண்ணெய் இளகும் வரை உறுமும். லைனில் உள்ளவர்கள் எல்லோரும் திட்டுவார்கள். குழந்தைகளைத் தூங்க விடாத சனியன் என்பாள் மா ம்யா.

ஆமாம், சனியன் என்று நானும் சொல்வேன். சத்தம் உயரும் வரை ஜன்னலருகே நின்றுவிட்டு, பாலாடையைத் துடைத்து வைத்து, பாப்பாவுக்குப் பால் காய்ச்சப் போவேன்.